கல்லீரலில் ஒரு ‘கொழுப்பு’ ஸ்விட்ச்!

‘உடம்பு பூரா கொழுப்புடா உனக்கு!’

காலேஜில் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது இந்த டயலாக் உங்கள் காதில் விழுந்திருக்கும். லெக்சரரிடம் எதிர்க்கேள்வி கேட்டால் கொழுப்பு, சீனியருக்கு வழிவிடாமல் நடந்தால் கொழுப்பு, பர்த்டே ட்ரீட் தராமல் எஸ்கேப் ஆனால் அதுவும் கொழுப்பு! நம் ஊரில் திமிருக்கும் கொழுப்புக்கும் ஒரே பெயர். அதனாலேயோ என்னவோ, கொஞ்சம் குண்டாக இருப்பவர்களைப் பார்த்தால், ‘வாயைக் கட்டத் தெரியாத ஆளு’ என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

சரி, உடம்புக்குள் கொழுப்பு எப்படி வருகிறது? ‘எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி, பரோட்டா’ என்று லிஸ்ட் போடுவீர்கள். விஷயம் அவ்வளவு சிம்பிள் இல்லை பாஸ்! ஒரு சொட்டு எண்ணெய் சேர்க்காமல் இருந்தாலும் உங்கள் கல்லீரல் தானாகவே கொழுப்பு தயாரிக்கும். அதுவும் சர்க்கரையிலிருந்து! அதற்கென்று தனி ஜீன்கள் உண்டு. அந்த ஜீன்களை முடுக்கிவிட ஒரு ஸ்விட்ச்சும் உண்டு. உடல் பருமன் வந்தவர்களில் பலருக்கு அந்த ஸ்விட்ச் ‘ஆன்’ நிலையிலேயே சிக்கிக்கொள்கிறது.

அதை விஞ்ஞானிகள் தேடிப் பிடித்த கதைதான் இது. பயாலஜி என்றாலே தலைதெறிக்க ஓடுகிறவர்களும் தாராளமாகப் படிக்கலாம். கதையின் ஹீரோவான கல்லீரல் உங்களிடமும் ஒன்று இருக்கிறதே!

மெஸ் நடத்தும் கல்லீரல்

வலது பக்க விலா எலும்புகளுக்கு அடியில், சுமார் ஒன்றரைக் கிலோ எடையில் உட்கார்ந்திருக்கிறது கல்லீரல். அதை ஹாஸ்டல் மெஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வரும்போது வாங்கி ஸ்டாக் வைக்கும்; நீங்கள் பட்டினி கிடக்கும்போது எடுத்துப் பரிமாறும்.

இந்த மெஸ்ஸுக்கு வார்டன், கணையத்திலிருந்து வரும் இன்சுலின். நீங்கள் சாப்பிட்டதும் ரத்தத்தில் குளூக்கோஸ் ஏறும். உடனே இன்சுலின் கிளம்பி வந்து கல்லீரலுக்கு இரண்டு முக்கியமான உத்தரவுகள் போடும்.

முதல் உத்தரவு: ‘நீ சர்க்கரை தயாரிக்கிறதை நிறுத்து. வெளியிலிருந்தே வேண்டிய மட்டும் வருது.’

இரண்டாவது உத்தரவு: ‘மிஞ்சுற சர்க்கரையை எடுத்துப் பத்திரப்படுத்து. டப்பா நிறைஞ்சா, மிச்சத்தைக் கொழுப்பா மாத்து.’

ஆரோக்கியமான ஆளுக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. கல்லீரல் தயாரிக்கும் கொழுப்பு கொஞ்சம்தான். அதையும் பேக் பண்ணி ரத்தம் வழியாக மற்ற இடங்களுக்கு அனுப்பிவிடும். அனுப்ப முடியாமல் உள்ளேயே தேங்கி, அளவு 5 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் வில்லங்கம். அதற்குப் பெயர் ‘ஃபேட்டி லிவர்’.

உங்கள் அப்பாவோ மாமாவோ மாஸ்டர் ஹெல்த் செக்-அப் முடித்து வந்து, ‘ஃபேட்டி லிவர், கிரேடு ஒண்ணுன்னு போட்டிருக்கான். நான் பீர்கூடத் தொட்டதில்லையே!’ என்று புலம்பியிருக்கலாம். அவரைச் சந்தேகப்படாதீர்கள். குடிக்காதவர்களுக்கும் இது வரும். சென்னையில் 541 பேரைப் பரிசோதித்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், 32 சதவீதம் பேருக்கு மதுவோடு சம்பந்தமில்லாத ஃபேட்டி லிவர் இருந்தது. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர்!

பெரும்பாலானவர்களுக்கு வலியே இருக்காது. ஆனால் சிலருக்கு அந்தக் கொழுப்பு வீக்கத்தில் கொண்டுபோய் விடும். வீக்கம் தழும்பாகி, தழும்பு சிரோசிஸாகி, கடைசியில் கல்லீரலே வேலைநிறுத்தம் செய்யும் நிலைக்கும் போகலாம்.

இவ்வளவு கொழுப்பு எங்கிருந்து வந்தது? 2005-ல் அமெரிக்காவில் ஃபேட்டி லிவர் உள்ள 9 பேரை வைத்துக் கணக்கெடுத்தார்கள். தேங்கியிருந்த கொழுப்பில் 59 சதவீதம், உடம்பின் கொழுப்புத் திசுவிலிருந்து கசிந்து வந்தது. 15 சதவீதம் சாப்பாட்டுக் கொழுப்பு. மீதி 26 சதவீதம்... கல்லீரலின் சொந்தத் தயாரிப்பு! ஆரோக்கியமானவர்களுக்கு, வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் இது 5 சதவீதத்தைக்கூடத் தாண்டாது.

ஆக, மெஸ்ஸில் ராத்திரி பகலாக ஓவர்டைம் நடக்கிறது. யார் சொல்லி நடக்கிறது? விடை தேட ஒரு எலியைப் பார்க்கப் போக வேண்டும்.

பார் ஹார்பரின் குண்டு எலி

வருடம் 1949. இடம், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்கிற கடலோர ஊர். அங்குள்ள ஜாக்சன் லேபரட்டரி ஆராய்ச்சி எலிகளுக்குப் பேர் போனது. ஒரு நாள் அங்கே உருண்டு திரண்ட எலி ஒன்று கண்ணில் பட்டது. இந்த ரக எலிகள் சாதாரண எலியைப் போல மூன்று மடங்கு எடை வரை போகும். சாப்பிடும்... சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். கல்லீரலோ கொழுப்பு அப்பி வெளுத்துப்போய், வீங்கிக் கிடக்கும். ‘ஓபி’ எலி என்று பெயர் வைத்தார்கள்.

ஒரே ஒரு ஜீனில் கோளாறு என்பது மட்டும் புரிந்தது. எந்த ஜீன், அதன் வேலை என்ன என்று கண்டுபிடிக்க 45 வருடம் ஆயிற்று!

நடுவில் டக்ளஸ் கோல்மன் என்கிற விஞ்ஞானி துணிச்சலான வேலை ஒன்று செய்தார். ஓபி எலியையும் சாதாரண எலியையும் இரட்டையர்கள் போல ஒட்டவைத்து, இரண்டுக்கும் ரத்தம் கலக்கும்படி செய்தார். குண்டு எலி சாப்பாட்டைக் குறைத்தது, இளைத்தது! அப்படியென்றால், சாதாரண எலியின் ரத்தத்தில் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஓபி எலியிடம் அது இல்லை.

அந்த ‘ஏதோ ஒன்றின்’ ஜீனை 1994-ல் பிடித்தவர், நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஃப்ரீட்மேன். ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் ‘லெப்டோஸ்’ என்றால் ஒல்லி. கொழுப்புத் திசு மூளைக்கு அனுப்பும் மெசேஜ் அது: ‘ஸ்டாக் இருக்கு, கவலைப்படாதே!’ ஓபி எலியின் மூளைக்கு அந்த மெசேஜ் ஒருநாளும் போய்ச் சேரவில்லை. உடம்பு முழுக்கக் கொழுப்பு இருந்தும் மூளை ‘பட்டினி... பட்டினி’ என்று அலறிக்கொண்டே இருந்தது.

மனிதர்களிலும் இந்தக் கோளாறு உண்டா? உண்டு, ஆனால் ரொம்ப அபூர்வம். 1997-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் லெப்டினே சுரக்காத இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அதில் 9 வயதுச் சிறுமி ஒருத்திக்கு லெப்டின் ஊசி போட்டார்கள். பசி அடங்கியது, எடை இறங்கியது. அதுவரை அந்தக் குழந்தையை ‘தீனிப்பண்டாரம்’ என்று கேலி செய்திருக்கக்கூடியவர்களை நினைத்துப் பாருங்கள். அவளிடம் இல்லாமல் போனது கட்டுப்பாடு அல்ல... ஒரு ஹார்மோன்!

குண்டாக இருக்கும் மற்றவர்களுக்கு லெப்டின் குறைவதில்லை, அதிகமாகவே இருக்கிறது. மூளைதான் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் கல்லீரலுக்குள் நடக்கும் கூத்து, ஓபி எலியில் நடப்பது போலவேதான். அதனால்தான் அந்த எலி ஆராய்ச்சியாளர்களுக்கு அவ்வளவு செல்லம்.

டல்லாஸில் சிக்கிய ஸ்விட்ச்

அடுத்த சீன், டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரம். கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்காக 1985-ல் நோபல் பரிசு வாங்கிய ஜோடி மைக்கேல் பிரவுன் - ஜோசஃப் கோல்ட்ஸ்டீன். நோபல் வாங்கியாச்சு, ஹாயாக இருக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்துவிடவில்லை. 1993-ல் இவர்கள் குழு ஒரு புது வகைப் புரோட்டீனைப் பிரித்தெடுத்தது. பெயர் ‘எஸ்.ஆர்.இ.பி.பி.’. இந்தக் குடும்பத்தில் ‘1-சி’ என்கிற உறுப்பினர்தான் நம் கதையின் ஸ்விட்ச்.

அது வேலை செய்யும் ஸ்டைல், ஆக்‌ஷன் பட ரேஞ்சில் இருக்கும்! சாதாரண நேரத்தில் செல்லுக்குள் ஒரு சவ்வில் கட்டிப்போட்டு வைக்கப்பட்டிருக்கும். நேரம் வந்ததும் இன்னொரு புரோட்டீன் அதைக் கைபிடித்துப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போகும். அங்கே கத்தரிக்கோல் மாதிரி இரண்டு என்சைம்கள் கட்டை வெட்டிவிடும். விடுதலையான துண்டு நேராக நியூக்ளியஸுக்குள் ஓடி, டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்காரும். அவ்வளவுதான்... கொழுப்பு தயாரிக்கும் என்சைம்களின் ஜீன்கள் வரிசையாக ‘ஆன்’! தனித்தனி விளக்கைப் போடுவது இல்லை இது. மெயின் ஸ்விட்சையே போடுவது.

இந்த மெயின் ஸ்விட்சின் மேல் கை வைத்திருப்பவர், நம்ம வார்டன் இன்சுலின். சாப்பிட்டால் ‘ஆன்’, பட்டினி கிடந்தால் ‘ஆஃப்’. ஆனால் 1999-ல் ஓபி எலியின் கல்லீரலைச் சோதித்தபோது, நியூக்ளியஸுக்குள் இந்தத் துண்டு எக்கச்சக்கமாகக் குவிந்திருந்தது. ஸ்விட்ச் இறங்கவே இல்லை!

‘அந்த ஸ்விட்சைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்?’ 2002-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் அதையும் செய்து பார்த்தார்கள். அதற்கான ஜீன் இல்லாத ஓபி எலிகளை உருவாக்கினார்கள். ஃபேட்டி லிவர் நன்றாகக் குறைந்தது. ஆனால் எலி அதே குண்டுதான்! அதாவது, உடம்பு குண்டாவது ஒரு கணக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்வது வேறொரு கணக்கு. இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடும். ஆனால் இரண்டும் ஒன்றே அல்ல.

இந்த ஸ்விட்சுக்கு ஒரு பங்காளியும் உண்டு. ‘சி.ஹெச்.ஆர்.இ.பி.பி.’ என்று பெயர். அது குளூக்கோஸை மோப்பம் பிடித்தே கொழுப்பு ஜீன்களைக் கிளப்பிவிடும். இன்சுலின் ஒரு பக்கம், சர்க்கரை மறுபக்கம். கல்லீரல் பாவம்தானே?

ஒரு காது கேட்கும், ஒரு காது செவிடு!

இப்போது ஒரு புதிர். உடல் பருமன், டைப்-2 சர்க்கரை நோய் என்றாலே டாக்டர்கள் ‘இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்’ என்பார்கள். அதாவது, இன்சுலின் பேச்சுக்கு உடம்பு மரியாதை தருவதில்லை. அப்படியானால் கல்லீரல் அந்த இரண்டு உத்தரவுகளையுமே மதிக்கக் கூடாது. சர்க்கரை ஏற வேண்டும், கொழுப்பு குறைய வேண்டும். ஆனால் நிஜத்தில் இரண்டுமே ஏறுகிறது! எப்படி?

2000-ல் டல்லாஸ் குழு ஓபி எலியில் இதற்கு விடை கண்டது. கல்லீரல் முழுச் செவிடு இல்லை. ‘சர்க்கரையை நிறுத்து’ என்றால் கேட்காது. ‘கொழுப்பு தயார் பண்ணு’ என்றால் மட்டும் பளிச்சென்று கேட்கும்! உங்கள் ரூம்மேட் ஞாபகம் வருகிறதா? ‘ரூமைப் பெருக்குடா’ என்றால் காதில் விழாது. ‘டிஃபன் ரெடி’ என்றால் நாலு ரூம் தள்ளி இருந்தாலும் ஓடி வருவான் இல்லையா... அதே கேஸ்தான்.

இங்கேதான் விஷச் சக்கரம் ஆரம்பிக்கிறது. முதல் உத்தரவு எடுபடாததால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அதைப் பார்த்து கணையம் இன்னும் அதிக இன்சுலினை அனுப்புகிறது. இன்சுலின் கூடக் கூட, எடுபடுகிற இரண்டாவது உத்தரவு இன்னும் பலமாகக் கேட்கிறது. கொழுப்பு இன்னும் குவிகிறது.

ஆதாரம்? பாஸ்டனில் கல்லீரலுக்கு இன்சுலின் உத்தரவு எதுவுமே கேட்காதபடி எலிகளை உருவாக்கினார்கள். சர்க்கரை ஏறியது; கல்லீரலில் கொழுப்பு சேரவில்லை. 2009-ல் மனிதர்களிலும் இது உறுதியானது. பிறவியிலேயே இன்சுலின் ரிசப்டர் பழுதானவர்களுக்கு மிக மோசமான இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் இருந்தும் ஃபேட்டி லிவர் இல்லை. முழுச் செவிடாக இருந்தால் கொழுப்பு இல்லை. பாதிச் செவிடுதான் ஆபத்து!

148-வது இடத்தில் ஒரு பிழை

‘ஒரே மெஸ், ஒரே சாப்பாடு. அவனுக்கு ஒண்ணும் ஆகலை, எனக்கு மட்டும் ஏன்?’ நியாயமான கேள்வி. பதில் 2008-ல் வந்தது. மறுபடியும் டல்லாஸிலிருந்துதான்!

2,000-க்கும் மேற்பட்டவர்களின் கல்லீரல் கொழுப்பை அளந்து, அவர்களின் ஜீன்களோடு ஒப்பிட்டார்கள். ‘பி.என்.பி.எல்.ஏ.-3’ என்கிற ஜீன் மாட்டியது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால், அது உருவாக்கும் புரோட்டீனில் 148-வது அமினோ அமிலம் மாறிவிடும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தை வாங்கியவர்களுக்கு, மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கல்லீரல் கொழுப்பு!

மாறிய புரோட்டீன் என்ன செய்கிறது? செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு, ‘எழுந்திரு’ என்றாலும் எழுந்திருக்காது. கொழுப்பைக் கரைக்கும் வேலை நடக்கவிடாமல் செய்துவிடும்.

இதில் க்ளைமாக்ஸ் என்ன தெரியுமா? இந்த ஜீனையே முடுக்கிவிடுவது யார்... நம்ம ‘1-சி’ ஸ்விட்ச்சேதான்! ஸ்விட்ச் ‘ஆன்’ ஆனால் கொழுப்பும் தயாராகும், அதைக் காவல் காக்கும் பிழையான புரோட்டீனும் தயாராகும். 2015-ல் இந்தப் பிழையை எலிகளில் புகுத்திப் பார்த்தார்கள். சாதாரணத் தீனி கொடுத்தவரை கல்லீரல் நார்மல். சர்க்கரை நிறைந்த தீனிக்கு மாற்றியதும் கொழுப்பு குவிந்தது. மனிதர்களில் 2017-ல் வந்த ஆய்வும் இதையே சொன்னது: ஒல்லியானவர்களிடம் இந்தப் பிழையின் பாதிப்பு கொஞ்சம், எடை ஏற ஏறப் பல மடங்கு.

ஜீன் என்பது காய்ந்த விறகு. அது உங்கள் வீட்டில் பரம்பரையாகக் கிடக்கலாம். ஆனால் தீக்குச்சி கிழிப்பது தினசரி வாழ்க்கைதான். ‘எங்க பரம்பரையே இப்படித்தான்’ என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ‘எல்லாம் உன் தப்பு’ என்று அடுத்தவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

‘நான்தான் ஒல்லியாச்சே!’ என்கிறவர்களுக்கு...

ஒரு நிமிஷம்! 2004-ல் ‘லான்செட்’ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வெளியானது. ஒருவர் லண்டன் ஜான் யுட்கின். இன்னொருவர் புனே சித்தரஞ்சன் யாஜ்னிக். உயரத்துக்கும் எடைக்குமான பி.எம்.ஐ. கணக்கில் இருவருக்குமே 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு? லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம்! மேற்கு வங்கக் கிராமங்களில் நடந்து 2010-ல் வெளியான ஆய்விலும், ஃபேட்டி லிவர் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் பி.எம்.ஐ. 25-க்குக் கீழேதான். பேன்ட் சைஸை வைத்துக் கல்லீரலை எடை போடாதீர்கள்.

ஸ்விட்சை இறக்க முடியுமா?

முடியும்! 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இது. ஃபேட்டி லிவர் இருந்த 11 முதல் 16 வயதுப் பையன்கள் 40 பேர். பாதிப் பேருக்கு 8 வாரம் கூடுதல் சர்க்கரை கட். கூல் டிரிங்க்ஸ், ஸ்வீட், பாக்கெட் ஜூஸ் எதுவும் கிடையாது. வீட்டில் இருப்பவர்களுக்கும் அதே மெனு. கல்லீரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17-க்கு இறங்கியது. வழக்கம்போலச் சாப்பிட்ட மற்ற பையன்களுக்கு 21-லிருந்து 20, அவ்வளவுதான். 2021-ல் வெளியான தொடர் ஆய்வில், அந்தப் பையன்களின் கல்லீரல் சொந்தமாகக் கொழுப்பு தயாரிக்கும் அளவும் இறங்கியிருந்தது தெரிந்தது.

மருந்து? கொழுப்பு தயாரிக்கும் ஒரு என்சைமை மட்டும் அடைத்து ஒரு மருந்தை முயன்றார்கள். 2017-ல் முடிவு வந்தது. கல்லீரல் கொழுப்பு குறைந்தது. ஆனால் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு எகிறியது. காரணம், அதே ஸ்விட்ச் வேறு வழியில் முழித்துக்கொண்டதுதான்! 2024-ல் ரெஸ்மெட்டிரோம், 2025-ல் செமாகுளூட்டைட் ஆகியவற்றுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. கல்லீரலில் வீக்கமும் தழும்பும் வந்தவர்களுக்காக டாக்டர் எழுதித் தரும் மருந்துகள் அவை. தொப்பை குறைக்கும் மிட்டாய் இல்லை.

நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியவை இவைதான்...

* 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை, ஏழெட்டு ஸ்பூன்! சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அதன் பெரும்பகுதி கல்லீரலுக்குத்தான் போகும். தாகத்துக்குத் தண்ணீர், மோர், இளநீர் போதும்.

* தினமும் வியர்க்க விளையாடுங்கள். எடை இறங்காவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு இறங்கும்.

* எடை அதிகம் என்றால் மெதுவாகக் குறையுங்கள். வீங்கிப்போன கல்லீரல் உள்ளவர்களை ஒரு வருடம் கவனித்து 2015-ல் வந்த ஆய்வில், 10 சதவீத எடையைக் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அந்த வீக்க நோய் சரியாகியிருந்தது. பட்டினி கிடந்து ஒரே வாரத்தில் இளைப்பது வேண்டாம். அது கல்லீரலுக்கு இன்னொரு இம்சை.

* வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோயோ ஃபேட்டி லிவரோ இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு வயிற்று ஸ்கேன்... ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

* ‘லிவர் க்ளீன்’ பவுடர்களுக்குப் பாக்கெட் மணியைக் கொடுக்காதீர்கள்.

கல்லீரல் ரொம்ப நல்ல பிள்ளை. பாதி கெட்டுப்போன பிறகும் வலிக்கிறது என்று வாய் திறக்காது. ஆனால் கொழுப்பு மட்டுமே சேர்ந்திருக்கும் கட்டத்தில் வழிக்கு வந்தால், பழைய நிலைக்குத் திரும்பவும் தயார். ஐம்பது வயதில் தழும்போடு போராடுவதைவிட, இருபதில் ஸ்விட்சை இறக்குவது ஈஸி. கேன்டீனில் அடுத்த பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு செகண்ட் யோசியுங்கள் ஃப்ரெண்ட்ஸ்... இப்போது ‘ஆன்’ ஆகப்போவது எது?